39 வாங்கியவனுக்கும் அரியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரக் கல்வி இணைப்பில், "இன்டர்னலில் நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் பொறியியல் மாணவர் செமஸ்டர் தேர்வுக்குக் கவலைப்படத் தேவையில்லை" என்று ஒரு வரி. தனியார் கல்லூரியில் 14 வருடம் தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவன் நான். வாசித்துக் காட்டியபோது, எஞ்சினியரிங் படிக்காத என் மனைவியே சிரித்துவிட்டார்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில், 2021 ரெகுலேஷன்படி தியரி தாளுக்குக் கல்லூரியே போடும் இன்டர்னல் 40, பல்கலைக்கழகம் நடத்தும் செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் 50 வந்தால் மட்டும் போதாது, செமஸ்டர் தாளில் நூற்றுக்கு 45 எடுத்தாக வேண்டும். அது அறுபதுக்கு 27. ஆக, தேறுவதற்கு இன்டர்னல் 23 போதும். 39 வைத்திருப்பவன் தாளில் 44 எடுத்தால் அரியர்தான். கவலைப்பட வேண்டாமாம்!

அந்த 39 வரும் வழியையும் சொல்கிறேன். ஒரு அசைன்மென்ட்டில் 41 பேர், செல்சியஸை கெல்வினாக்க 273 கூட்ட மறந்திருந்தார்கள். எல்லோருக்கும் அதே வரியில் அதே மறதி. ஒரு பையன் மட்டும் வேறு இடத்தில் தப்புப் பண்ணியிருந்தான், அதுவும் நாள் தள்ளிக் கொடுத்து. விதிப்படி அவனுக்குத்தான் நானும் குறைத்தேன்: 26. மற்றவர்களுக்கு முப்பதை ஒட்டி. முதல்வர் கூப்பிட்டு, "உங்க வீட்டுப் பணமா சார் போகுது?" என்றார். மறுநாள் அவன் உட்பட எல்லோருக்கும் 36-க்கு மேல். அப்புறம் ரிசல்ட் வந்தது. பாதி வகுப்பு அரியர், அந்தப் பையன் பாஸ். எல்லோருக்கும் ஒரே மார்க்கை அள்ளிப் போட்ட பிறகு, அதை வைத்து யார் தேறுவார் என்று எந்த ஜோசியர் சொல்வார்?

அரியருக்கு மெமோ எனக்கு. மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்த நிர்வாகம், மெமோவை மட்டும் அன்றைக்கே கொடுத்தது. ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுக்கும் வியாபாரம் பற்றிப் போன வருடம் நான் அனுப்பிய கடிதம் உங்கள் அலுவலகத்தில் எங்காவது கிடக்கும். ராசிபலனுக்கு இடம் போதவில்லை போலும். சரி, போகட்டும்.

அடுத்த இணைப்பில் அந்த 45 மதிப்பெண் விதியை மட்டும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். என் தங்கை மகன் இரண்டாம் ஆண்டு. இன்டர்னல் 38 என்று கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறான். கேட்டால், சுவரில் ஒட்டிவைத்திருக்கும் உங்கள் கட்டுரையைக் காட்டுகிறான்.

முன்னாள் உதவிப் பேராசிரியர்,
ஈரோடு