பைகளை அனுப்பிவிட்டேன், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சைக்கிள் கேரியர் பைகள் இரண்டையும் நேற்று பார்சலில் போட்டுவிட்டேன். இந்தத் தையில் நான் வரவில்லை. காரணம் உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

கடலோர சைக்கிள் பயணத்துக்கு நீ தேர்ந்தெடுத்த மாதம் சரிதான். சென்னையிலிருந்து தெற்கே போகிறவனுக்குத் தையிலும் மாசியிலும் வாடை முதுகில் தள்ளும். இதையே ஆனி, ஆடிக்குத் தள்ளிப்போட்டால் தொண்டிக்குக் கீழே கச்சான் காற்று எதிரே நிற்கும்.

கிளம்பும் முன் சீட் கம்பியைக் கழற்றி கிரீஸ் தடவு. உன்னுடையது இரும்பு ஃபிரேம், அலுமினியக் கம்பி. உப்பில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். செயினுக்கு எண்ணெயை ஊற்றாதே. மணலும் எண்ணெயும் சேர்ந்தால் அரம் மாதிரி பல்சக்கரத்தைத் தின்னும். சாயங்காலம் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தை ஒற்றி எடுத்துவிடு.

ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல முள். பஞ்சரானால் புது டியூபை உடனே மாட்டிவிடுவாய், உன் அவசரம் எனக்குத் தெரியாதா. முதலில் டயரின் உட்புறத்தைப் பஞ்சால் ஒரு சுற்று தடவு. இழை சிக்குகிற இடத்தில் முள்முனை ஒடிந்து கிடக்கும். அதை எடுக்காமல் மாட்டினால் அடுத்த டியூபும் போச்சு. ஒட்டுப் போடும்போது பசையின் பளபளப்பு அடங்கும்வரை பொறு.

வேதாரண்யம் பக்கத்து ஆறுகாட்டுத்துறையைத் தொடாமல் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நாளையோடு இரண்டு வருடம். நடந்ததைச் சொல்லப்போவதில்லை, நீதான் அங்கே இருந்தாயே. கரையில் கிடந்த ஆமையின் ஓட்டு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கடலைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தாய். அதன் மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "விடுடா" என்று கத்தினேன். ஊரே பார்த்தது. விட்டுவிட்டாய்.

கத்தியது தப்பு. தடுத்தது தப்பில்லை. முட்டையிட வருகிற பங்குனி ஆமை நம் கரையில் ராத்திரியில் ஏறும். உச்சிவெயிலில் மணலில் கிடக்கிறது என்றால் நீந்த முடியாமல் அலை கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று அர்த்தம். இழுவலைக்குள் மூச்சுக்கு மேலே வர முடியாமல் நுரையீரலில் தண்ணீர் ஏறிய ஆமையை மறுபடி கடலில் தள்ளினால் அது தலைதூக்க முடியாமல் மூழ்கும். நம் கண்ணுக்குத் தெரியாமல் சாகும், அவ்வளவுதான் வித்தியாசம். "கடலில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும்" என்று நீ இரண்டு வருடமாக ஒவ்வொருத்தரிடமும் சொல்லித் திரிகிறாயே, அதற்கு இதுதான் பதில்.

ஆனால் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அந்த மாதிரி ஆமையை வயிறு கீழாக நிழலில் வைத்து, பின்பக்கத்தைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வடியும். 4 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை அப்படியே விட வேண்டும். ஓட்டின் மேல் ஈரத்துணி போடலாம், மூக்கை மூடக் கூடாது, வாயில் தண்ணீர் விடக் கூடாது. அசைவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. கண்ணோரம் மெல்லத் தொட்டு, வாலைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். இவ்வளவும் தெரிந்த நான் முதல் ஒரு மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையை மடித்து அதன் பின்னால் முட்டுக்கொடுக்கத் தோன்றியது அதற்குப் பிறகுதான். அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்பதா, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

போனின் அந்தப் பக்கம் யார் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். வலை யாருடையது என்பதையும். விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுக்கக் கூடாது என்பது சட்டம், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்றைக்கு நமக்குச் சோறு போட்டதும் அதே கரைதான்.

இப்போது நீ தனியாள் என்பதால் ஒன்று. ராத்திரியில் மணலில் சைக்கிளை இறக்காதே. டயர்த் தடத்தின் பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏற முடியாமல் அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும், நாய் பிடித்துவிடும். ஹெட்லைட்டை அணைத்துவிடு. வெளிச்சம் பார்த்தால் ஏறிவருகிற தாய் திரும்பிவிடும், குஞ்சு கடலை விட்டு ரோட்டுக்கு வரும்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மனோராக் கரையில் ஆவுளியாவை, அதுதான் கடல்பசுவை, தேடி நிற்காதே. 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தது அந்தப் பக்கத்துக் கடலில்தான். ஆனால் அது அடியில் கடல்புல் மேய்ந்துவிட்டு மூச்சுக்கு மட்டும் மூக்கைக் காட்டுகிற பிராணி. கரையில் நிற்கிறவனுக்கு அகப்படுவது அபூர்வம். நீ நிற்பாய், எனக்குத் தெரியும்.

பாம்பன் பாலத்தில் பஸ் கடக்கும்போது பக்கக்காற்று ஒரு நொடி நிற்கும், பஸ் போனதும் மறுபடி அறையும். கைப்பிடியை அப்போது தளர்த்தாதே.

இடது பையின் கீழ்க் கொக்கி தளர்ந்திருக்கிறது. கேபிள் டை போட்டிருக்கிறேன், நாகப்பட்டினத்தில் ஒருதரம் இழுத்துப் பார். அந்தப் பையில் வெள்ளையாகத் தெரிவது உப்பு. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

அண்ணன்