முள்கத்தரியும் பூஞ்சையும்: முரளிக்கு ஒரு கடிதம்

காட்பாடி

அன்புள்ள முரளி,

நலம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. வேலூர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டிஎன்ஏ எழுத்து வரிசைகளை (சீக்வென்ஸ்) அலச டிபார்ட்மெண்டில் வாங்கியிருந்த மென்பொருளுக்கு லைசென்ஸ் முடிந்து, பசங்களின் ஃபைல்கள் எல்லாம் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டன. வயிறு எரிந்தது. அதற்குப் பதில் லேப் கம்ப்யூட்டர்களில் யூஜீன் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டேன். ரஷ்யாவில், நோவோசிபிர்ஸ்க்காரர்கள் எழுதியது. காசு கிடையாது, சீக்வென்ஸ்களைச் சேமிக்கும் ஃபாஸ்டா, ஜென்பேங்க் வகை ஃபைல் எல்லாம் திறக்கும். கூடவே, ஒரு சீக்வென்ஸுக்குப் பொருந்துவதைத் தேடித் தரும் பிளாஸ்ட்டையும் இறக்கி, கத்தரிக் குடும்பத்து சீக்வென்ஸ்களை மட்டும் திரட்டி எங்களுக்கென்று ஒரு டேட்டாபேஸ் கட்டினோம். நெட் போனாலும் தேடலாம்.

அப்புறம் நடந்ததைக் கேள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்கத்தரியின் இலையிலிருந்து ஒரு மாணவி, இனத்தை அடையாளம் காணப் பயன்படும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை சீக்வென்ஸ் செய்து கொண்டுவந்தாள். எங்கள் டேட்டாபேஸில் தேடினால் முதலில் கத்தரிதான். தற்செயலாக இப்படிப் பொருந்த எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் இ-வேல்யூ பூஜ்யத்தை ஒட்டி. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டும் அலைன்மெண்டைத் திறந்தேன். இரு ஓரமும் காலி, நடுவில் சுமார் 160 எழுத்துகளுக்குள்தான் பொருத்தம். ஐடிஎஸ் நடுவில் இருக்கும் 5.8எஸ் ஜீன்! செடியானாலும் பூஞ்சையானாலும் அதிகம் மாறாத துண்டு. உலகப் பொது டேட்டாபேஸான ஜென்பேங்க் முழுவதிலும் போட்டதும் ஆல்டர்னேரியா என்று வந்தது. இலைப்புள்ளி நோய்ப் பூஞ்சை. அவள் சீக்வென்ஸ் செய்தது கத்தரியை அல்ல, இலையில் இருந்த பூஞ்சையை.

இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை முரளி. டேட்டாபேஸ் நம் கையில் இருப்பது பெரிய சுதந்திரம், அதை விடமாட்டேன். ஆனால் நாம் போடாதது விடையாக வராது. இருப்பதில் எது கிட்டமோ அதைத்தான் முதலில் காட்டும். டேட்டாபேஸ் சின்னதானால் அதே பொருத்தத்துக்கு இ-வேல்யூவும் சின்னதாகிவிடும். பொருத்தத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணான பிட் ஸ்கோர் மட்டும் அப்படியே நிற்கும். எத்தனை ஆய்வேடுகளில் இ-வேல்யூ என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? "கவரேஜ் எவ்வளவு தம்பி?" என்று, வரிசையில் எத்தனை பங்கு பொருந்துகிறது எனக் கேட்டு சம்பந்தம் சார் நம் உயிரை எடுத்தாரே, அதையே இப்போது நான் பசங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் டேட்டாபேஸில் சேர்க்க உன் காய்கறிப் பூஞ்சை சீக்வென்ஸ் தொகுப்பை அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஜென்பேங்க் கொடுத்த அடையாள எண்ணான அக்ஸெஷன் எண், புள்ளிக்கு அப்புறம் வரும் வெர்ஷன் எண், இறக்கிய தேதி மூன்றும் வேண்டும். போன தடவை மாதிரி 'புதுசு_கடைசி_2' என்று பேர் வைத்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் பெண் அடுத்த வாரம் புள்ளியில்லாத புது இலையில் மறுபடி டிஎன்ஏ எடுக்கிறாள். அதற்குள் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
சுந்தர்