மல்லிகாவுக்கு, லேப்டாப் விஷயமாக

பாலக்கோடு
6.8.2025

அன்புள்ள மல்லிகா,

நலம், நலமறிய ஆவல். அண்ணனுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம்.

தக்காளி மண்டி வாசலில் உன் நாத்தனாரைப் பார்த்தேன். வித்யாவுக்குப் பர்கூர் அரசு இன்ஜினியரிங் காலேஜில் ட்ரிபிள் ஈ, அதாவது எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ், கிடைத்திருக்கிறதாம். அதை நான் அவள் வாயிலிருந்தா கேட்க வேண்டும்? எனக்கு ஒரு போன் போட உனக்கு நேரமில்லை, அப்படித்தானே? இந்தக் கோபத்தை நேரில் பார்க்கும்போது வட்டியோடு தருகிறேன். பிள்ளைக்கு என் முத்தம். காவேரிப்பட்டணம் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கிவிட்டாள். கட்டணத்தை அரசே கட்டிவிடும். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாயே, உன் வயிற்றிலா இவள் பிறந்தாள்? ரிப்பன் விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

நாத்தனார் இன்னொன்றும் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் கிருஷ்ணகிரிக் கடையில் 68 ஆயிரத்துக்கு கேமிங் லேப்டாப் ஒன்றை எடுக்கப் போகிறாயாம். கையில் 35 ஆயிரம் இருக்கிறதாம், மீதிக்கு உன் அம்மா போட்ட தோட்டை அடகு வைக்கிறாயாம். போனில் சொன்னால் “சரிடீ, சரிடீ” என்று வைத்துவிட்டு உன் இஷ்டத்துக்குப் போவாய். எழுதினால் வித்யாவும் படிப்பாள். அவள்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

இந்த வருஷம் பெங்களூரா மாங்காய் அடிமாட்டு விலைக்குப் போனது எனக்குத் தெரியாதா? மரத்திலேயே விட்டவர்கள் எத்தனை பேர்! கூழ் ஃபேக்டரி வாசலில் அண்ணன் டிராக்டரோடு ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்ததையும் சொன்னாள். அப்படி வந்த காசு 35 ஆயிரம். அதில் ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது என்று எனக்கு அடித்துக்கொள்கிறது.

முதலில் அந்த கேமிங் மெஷின். அதன் விலையில் கணிசமான பகுதி உள்ளே இருக்கும் தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. விளையாட்டுக்கும், வீடியோ எடிட்டிங்குக்கும், கனமான முப்பரிமாண வேலைக்கும் அது வேண்டும். ட்ரிபிள் ஈ பிள்ளைக்கு சி, பைத்தான், மேட்லாப், சர்க்யூட் சிமுலேஷன் இவைதான் சோறு. இவற்றில் எதுவும் அந்தக் கார்டைத் தேடாது. ஆட்டோகேட் வந்தாலும், சாதாரணப் படம் வரைய உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும், ரேம் என்கிற மெமரிதான் தாராளமாக இருக்க வேண்டும். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம் என்பதால் அதற்குத் தனியாகச் செலவும் இல்லை. அரை ஏக்கர் கத்தரித் தோட்டத்துக்கு லாரி வாங்கி நிறுத்துவாயா? அப்புறம் எடை. மெஷின் இரண்டு கிலோவுக்கு மேல், சார்ஜர் அரை கிலோ. காவேரிப்பட்டணத்தில் ஏறி, கிருஷ்ணகிரியில் இறங்கி, பர்கூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற பிள்ளை அதைத் தோளில் சுமக்க வேண்டும். பேட்டரியும் அரை நாள் தாங்காது, கிளாஸில் பிளக் பாயிண்ட் பக்கத்தில் இடம் பிடிக்கச் சண்டை போட வேண்டும்.

“அப்படியானால் 24 ஆயிரத்துக்குப் புதுசு இருக்கே” என்பாய். அதைத் தொடவே தொடாதே. புராசஸர் செலரான் என்று எழுதியிருக்கும், மெமரி 4 ஜிபி, ஸ்டோரேஜ் 64 ஜிபி. விண்டோஸ் 11 ஓடுவதற்கு மைக்ரோசாஃப்ட் கேட்கிற குறைந்தபட்சமே 4 ஜிபி மெமரியும் 64 ஜிபி இடமும்தான். அதற்கே சரியாகப் போய்விட்டால் பிள்ளை எங்கே உட்காருவாள்? இப்படி ஒரு மெஷினை என் தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு பெண் கொண்டுவந்தாள். எக்ஸெல்லைத் திறந்து, பக்கத்தில் பிரவுசரையும் திறந்தாள். அவள் ஒரு வரி அடித்து முடித்த பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழுந்தன. வேகமாக அடிக்கிற பிள்ளை அவள். மெஷினுக்காக விரலை நிறுத்தி நிறுத்தி அடிக்கப் பழகிவிட்டாள். எனக்கு வயிறெரிந்தது. மெமரியைக் கூட்டலாம் என்று பின்பக்கத்தைத் திறந்தால், போர்டோடு சேர்த்து பற்றவைத்திருக்கிறார்கள். ஒன்றும் செய்ய வழியில்லை.

மல்லி, மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. கழற்றி மாற்ற முடியாத மெமரி உள்ள மெஷினை, அதுவும் 8 ஜிபியோ அதற்குக் கீழோ இருந்தால், வாங்காதே. நாலு வருஷப் படிப்பு இது. இன்றைக்குப் போதுமென்று தோன்றுவது மூன்றாவது வருஷம் புராஜெக்ட் வரும்போது திணறும். மெமரி செருகும் ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் அன்றைக்கு இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் மெஷினையே மாற்ற வேண்டும்.

கடைப் பையன்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். “புராசஸர் ரைசன் 5, 7000 சீரிஸ், லேட்டஸ்ட்” என்று ஒன்றை 37, 38 ஆயிரத்துக்குக் காட்டுவார்கள். வித்யா, எண்ணை முழுசாகப் படி. 7520யு என்றிருந்தால், முதல் 7 எந்த வருஷப் பட்டியல் என்பதைத்தான் சொல்லும். மூன்றாவதாக நிற்கும் 2தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு. அது 2019-ல் வந்த ஜென் 2. போதாக்குறைக்கு மெமரியும் பற்றவைத்தது. 7530யு என்று பார்த்தால் மூன்றாவது எண் 3, அது அடுத்த வடிவமைப்பு. ஒரே ஒரு எண்தான் மாறியிருக்கிறது, உள்ளே மெஷினே வேறு. இதைத் தெரிந்துகொண்டு போனால் கடையில் யாரும் உன்னை ஏய்க்க முடியாது.

சரி, எதைத்தான் வாங்குவது? பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுத்து, மூன்று நாலு வருஷத்தில் திரும்ப எடுக்கிற ஆபீஸ் லேப்டாப்தான் என் தீர்ப்பு. டெல் லேட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக். புதிதாக வாங்கினால் நமக்கு எட்டாத விலை. பெங்களூரு எஸ்பி ரோட்டில் இவை குவிந்து கிடக்கின்றன, ஓசூரிலும் வாங்கி விற்கிறார்கள். என் இன்ஸ்டிட்யூட்டில் ஓடுவதெல்லாம் இவைதான். காலையிலிருந்து ராத்திரி வரை பிள்ளைகள் மாறி மாறித் தட்டுகிறார்கள், ஒரு கீ கூடத் தளரவில்லை. என்னைப்போலத் தட்டச்சு சொல்லித் தருகிறவளுக்கு அது பெரிய விஷயம். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றினால் மெமரி, எஸ்எஸ்டி என்கிற ஸ்டோரேஜ், பேட்டரி எல்லாம் கையோடு வரும். பாலக்கோட்டிலேயே பழுது பார்க்கலாம்.

அதிலும் ஒரு கோடு இருக்கிறது. இன்டெல் ஐ5 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதே, அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார். 7200யு என்றால் ஏழாம் தலைமுறை, இரண்டு கோர், அதாவது கணக்குப் போடும் மூளை இரண்டு. 8250யு என்றால் எட்டாம் தலைமுறை, நாலு கோர். விண்டோஸ் 11 முறைப்படி ஓடுவது எட்டிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவின் கடைசி நாள் 2025 அக்டோபர் 14. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் இப்போது சல்லிசான விலைக்கு வருகின்றன. மைக்ரோசாஃப்டின் தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றியும் தருகிறார்கள். பத்தாயிரத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம். வித்யாவுக்குப் பதினொன்றாம் தலைமுறை பார்ப்போம், ஐ5 1135ஜி7. டெல் லேட்டிட்யூட் 5420-ல் அது இருக்கிறது, மெமரிக்கு இரண்டு ஸ்லாட்டும் உண்டு. 16 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 30 ஆயிரத்துக்குள் கேட்டு வைத்திருக்கிறேன். மெமரியை ஒரே 16-ஆகப் போடாமல் 8-ம் 8-மாக இரண்டு ஸ்லாட்டிலும் போடச் சொல்ல வேண்டும், கிராபிக்ஸ் அப்போதுதான் முழு வேகத்தில் ஓடும். திரை 1920-க்கு 1080தான் வேண்டும். 1366-க்கு 768 என்றால் கீழே வைத்துவிடு. பிள்ளை கண் நாலு வருஷம் அதைத்தான் பார்க்கப் போகிறது.

பழசுக்குக் குறையும் உண்டு. கேமரா மங்கல், வாரன்டி ஆறு மாதமோ ஒரு வருஷமோதான், பேட்டரி தேய்ந்திருக்கும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. கமாண்ட் ப்ராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொன்னால், பேட்டரி செய்தபோது எவ்வளவு, இன்றைக்கு நிறைந்தால் எவ்வளவு என்று இரண்டு எண் காட்டும். 63,000 என்றிருந்தது 40,000-க்கு இறங்கியிருந்தால் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்ல வேண்டும். திரையை ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் திறந்தால் கீல் பக்கத்தில் பிளாஸ்டிக் விரிகிறதா என்பது தெரியும். சார்ஜர் முனையைச் செருகி லேசாக அசைத்து, சார்ஜ் நின்று நின்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா கீயும் நான் அடித்துப் பார்ப்பேன், அதை யாரிடமும் விடமாட்டேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில மெஷின் பழைய கம்பெனியின் பிடியிலேயே இருக்கும். கடையில் நன்றாக ஓடும். வீட்டில் என்றைக்காவது விண்டோஸை மறுபடி ஏற்றி நெட்டில் இணைத்தால், “இந்த நிறுவனத்தின் மெயிலில் உள்நுழையவும்” என்று நின்றுவிடும். அதனால் நம் கண்ணெதிரே ரீசெட் செய்யச் சொல்லி, நம் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்த பிறகுதான் காசு. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங்கில் பாஸ்வேர்ட் இருந்தாலும் வேண்டாம். பில் இல்லாமல் தருகிறேன் என்றால் அந்தக் கடைப்படியை விட்டு இறங்கிவிட வேண்டும்.

அண்ணன் “படிக்கிற பிள்ளைக்குப் பழசா” என்று பிடிவாதம் பிடித்தால், ஐ3 1215யு போட்ட புதுசு பார்க்கலாம், ஆறு கோர் அதில். 8 ஜிபியும் ஒரு காலி ஸ்லாட்டும் இருந்தால் நானும் தலையாட்டுவேன். 35-ஐ ஒட்டி வரும். மேக் வேண்டாம், குரோம்புக்கும் வேண்டாம். இரண்டும் நல்ல பொருள்தான், ஆனால் மைக்ரோகன்ட்ரோலருக்குப் பிள்ளைகள் படிக்கிற கெய்ல் மைக்ரோவிஷன் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

தோடு விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு உன்னைக் கட்டிக்கொடுத்தார்கள். உனக்கு என்ன மார்க் என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் நினைவில்லை. உனக்குக் கிடைக்காததெல்லாம் அவளுக்குக் கிடைக்க வேண்டும், அதுவும் இருப்பதிலேயே உசத்தியாக, என்று நீ துடிப்பது புரிகிறது. நானும் அப்படித்தான் துடிப்பேன். ஆனால் உன் அம்மா நினைவாக உன்னிடம் இருப்பது அந்தத் தோடு ஒன்றுதான். அடுத்த மாங்காய்க்கும் விலை இல்லாமல் போனால் அதை எப்படி மீட்பாய்? முன்பணமில்லாத் தவணை என்று கடைக்காரர் சொன்னாலும் விழாதே. பிராசஸிங் கட்டணம், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று பின்னாலேயே வரும். வித்யாவுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள்தானே. காலேஜில் சேர்ந்ததும் முதல் வேலையாக விண்ணப்பிக்கச் சொல். அந்தப் பணத்தை இப்போதே தவணைக்கு எழுதிக் கொடுத்துவிடாதே, பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அவளுக்கு வேண்டும்.

தள்ளுபடி முடிந்துவிடுமே என்று பதறாதே. பெரியவனுக்குப் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் உன் பரணில்தானே கிடக்கிறது? இறக்கித் துடைத்து வை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றித் தருகிறேன். சி-யும் பைத்தானும் அதில் தாராளமாகப் பழகலாம். கல்லூரிப் பிள்ளைகள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக 2025-ஆம் வருஷ பட்ஜெட்டில் சொன்னார்கள். வந்தால் சந்தோஷம். அதை நம்பி முதல் வருஷத்தைக் காலியாக ஓட்ட வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வித்யாவையும் அந்தப் பழைய லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. சார்ஜரை மறக்காதே. என் மெஷின்களில் உட்கார்ந்து அவளே அடித்துப் பார்க்கட்டும், பிடித்தால் அடுத்த வாரம் ஓசூரிலிருந்து என் தம்பி நம்மோடு எஸ்பி ரோட்டுக்கு வருவான். மதியம் இங்கேதான் சாப்பாடு, களியும் கொள்ளுக் குழம்பும். கிருஷ்ணகிரிக் கடையில் முன்பணம் ஏதும் கட்டிவிட்டாயா என்பதை மட்டும் இன்றைக்கே போன் செய்து சொல், கட்டியிருந்தால் திரும்ப வாங்க நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
கௌரி