முயலுக்கு முயல் வேறுபடும் நொதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆயர் ஈத்தாமில் நாங்கள் வளர்க்கும் வெள்ளை முயலுக்கு அறுவைச் சிகிச்சை செய்யுமுன், கால்நடை மருத்துவர் உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைக்கும் அட்ரோபின் என்ற மருந்தைத் தவிர்த்து வேறு மருந்தை ஊசியில் ஏற்றினார். ஏனெனில் சில முயல்களின் இரத்தத்தில் அட்ரோபினைச் சிதைத்து அதன் பயனைக் குறைக்கும் நொதி உண்டு, சிலவற்றில் இல்லை. இது மரபுவழி வருவதென 1943-லேயே ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். நம் ஊமத்தையிலும் உள்ள நஞ்சல்லவா அட்ரோபின்!

வீட்டு முயல்கள் யாவும் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. எனினும் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்துக் காட்டு முயல்களிடம் காணப்படும் மரபு வேறுபாட்டில் ஒரு பகுதியே இவற்றிடம் எஞ்சியுள்ளது. உடன்பிறந்த குட்டிகளையே இணைசேர்த்து விற்போர் அதையும் குறைத்துவிடுகின்றனர் என்பது என் கவலை. இதுபற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் கால்நடை மருத்துவர் ஒருவரை எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, பினாங்கு