மசக்கையும் கடைசிக்காலப் பசியின்மையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மசக்கை வாந்தி குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜிடிஎஃப்15 என்னும் ஹார்மோனே அதற்குப் பெரிதும் காரணம் என்று 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் இந்த ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலந்து, பின்மூளையில் குமட்டலைத் தூண்டுகிறது. கருவுறுவதற்கு முன்பு இதன் அளவு குறைவாக இருந்த பெண்களுக்கே பாதிப்பு கடுமையாகிறது. ஆனால் புற்றுநோய் முற்றியவர்கள் பலரின் ரத்தத்திலும் இதே ஹார்மோன் பெருகி, பசியை அடக்கி, உடலை உருக்குகிறது என்பதைக் கட்டுரை தொடவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செவிலியராகப் பணியாற்றியவள். ஒரு மிடறு தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், உதடு வெடித்து, ஒரு கையில் சலைன் ஏற, மறு கையால் வாந்திப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கிடந்த மூன்று மாதக் கர்ப்பிணியிடம், “எல்லாருக்கும் வருவதுதான், போகப் போகச் சரியாகிவிடும்” என்று நானே சொல்லியிருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து, நுரையீரல் புற்றுநோயின் கடைசி மாதங்களில் இருந்த என் அக்கா, நான் நீட்டிய ஸ்பூனைப் பார்த்ததும் கண்ணை மூடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “இந்த நோயில் இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இரண்டு இடத்திலும் ‘இயல்பு’ என்ற ஒரே சொல்தான் வைத்தியமாக இருந்தது.

மசக்கைக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு என்னும் மருந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கை கால்களைக் குலைத்து 1961இல் விலக்கப்பட்டது. கர்ப்பிணிகளை மருந்தாய்வில் சேர்க்கவே அஞ்சும் நிலை அதன்பின் வந்தது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. எனினும், கருவுக்குத் தீங்கு செய்ததற்குச் சான்று இல்லாதபோதும் டாக்சிலமைன், பைரிடாக்சின் கலந்த மசக்கை வாந்தி மாத்திரை வழக்குகளுக்கு அஞ்சி 1983இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டு, 2013இல்தான் மீண்டும் அனுமதி பெற்றது என்பதை எண்ணும்போது, இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வாந்தியோடு போராடிய பெண்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்கத் தோன்றுகிறது.

கடைசிக்காலச் சிகிச்சையிலும் இத்தகைய தாமதத்தையே காண்கிறேன். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு, வலி போன்ற துன்பங்களைக் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்ததோடு, இடைநிலைக் கணக்கில் (அதாவது, பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) மற்றவர்களின் 8.9 மாதங்களுக்கு எதிராக 11.6 மாதங்கள் உயிரோடும் இருந்தார்கள். ஜிடிஎஃப்15ஐத் தடுக்கும் பொன்செக்ரோமாப் என்ற மருந்து, 187 புற்றுநோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் பன்னிரண்டு வாரங்களில் உடல் எடையைக் கூட்டியதாக 2024இல் முடிவு வந்திருக்கிறது.

இந்த ஆய்வுகளைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். நோயாளி சாப்பிட மறுப்பது பிடிவாதத்தால் அல்ல என்பதை, அன்பின் மிகுதியால் வற்புறுத்தி ஊட்டும் வீட்டாருக்கு விளங்கும்படி அதில் எழுதச் சொல்லுங்கள். என் அக்காவை நான் வற்புறுத்திய நாட்களில் எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்