காலண்டர் தாளில் பென்சிலால் எழுதியவருக்கு

எங்கள் கிளை நூலகத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வாசகர் வட்டத்தின் வணக்கம்.

நூலகத்துக்குள் தண்ணீர் புகுந்து புத்தகங்கள் நனைந்த அந்த இரண்டு நாளில் நடந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் வேட்டியையும் சேலையையும் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு நின்றவர்கள்தான். கூடம் திறந்தாயிற்று. தரை இன்னும் லேசாக நாறுகிறது. மே 1 அன்று கோடை வாசிப்பு சொன்னபடி தொடங்கும்.

பழைய செய்தித்தாளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்தவர்கள், வீட்டு டேபிள் ஃபேனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேர்வையில் தூங்கியவர்கள், கொடிக்கயிறு கட்டியவர்கள், வாடகை வாங்காத ஆட்டோ அண்ணன்கள், மணிக்கொரு தரம் டீ அனுப்பிய எதிர்க்கடை, எல்லோருக்கும் நன்றி. பைண்டிங் அய்யாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அவர் வந்து சத்தம் போட்டிருக்காவிட்டால் எல்லாவற்றையும் மொட்டைமாடி வெயிலில் பரப்பியிருப்போம். அட்டை அப்பளமாய் வளைந்து, தாள் மொறமொறத்துப் போயிருக்கும். நிழல், ஃபேன் காற்று, இருபது பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்று: அவர் சொன்னது அவ்வளவுதான். வழவழப்புத் தாளில் அச்சான படப் புத்தகங்களை முதலில் பிரிக்கச் சொன்னார். அவை ஈரத்தோடு மூடிக் காய்ந்தால் ஒரே பலகையாக ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்க வழியே கிடையாது.

இந்த மடல் முக்கியமாக இன்னொருவருக்கு. அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

செய்தித்தாள் செருகும்போதுதான் அந்தத் தாள்கள் கண்ணில் பட்டன. தினசரி காலண்டரில் கிழித்த தாள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், சூலம். பின்பக்கம் பென்சிலில், வலப்பக்கம் சாய்ந்த பொடி எழுத்து. ஒரு புத்தகத்துக்கு மூன்று தாள் வீதம் 19 புத்தகங்களில் இருந்தன. தேதிகளைப் பார்த்தால் போன ஆடியில் ஆரம்பித்து இந்தப் பங்குனி வரை ஓடுகின்றன. ஆக, எட்டு மாதமாக யாரோ ஒருவர் புத்தகத்தை எடுத்துப்போய், படித்து, அடுத்து எடுப்பவருக்காக எழுதி வைத்துத் திருப்பியிருக்கிறார். எங்கள் கோடைப் பரிந்துரைப் பட்டியல் நோட்டோடு சேர்ந்து கூழாகிப் போனது. இந்த வருஷப் பட்டியல் இந்தத் தாள்கள்தான்.

அவர் செய்திருக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். பார்த்துச் செய்யத் தகுந்தது. முதல் தாள் முன்னட்டைக்குள்: யாருக்கு ஏற்றது, எத்தனை நாளாகும், எங்கிருந்து தொடங்கலாம். இரண்டாம் தாள், படிப்பவர் வழக்கமாகக் கீழே வைத்துவிடும் இடத்தில். மூன்றாம் தாள் கடைசியில்: இதை முடித்தால் அடுத்து எது. கதையை எங்கேயும் சொல்லவில்லை. தாள் உதிர்ந்தால் தெரிய வேண்டுமென்று ஒவ்வொன்றிலும் புத்தகத்தின் பெயர் இருக்கிறது. குண்டூசி இல்லை (துருப்பிடித்துத் தாளைத் தின்னும்), பசை இல்லை (பூச்சி வரும்), கெட்டி அட்டை இல்லை (முதுகு விரியும்). பென்சில் என்பதால்தான் தண்ணீரிலும் எழுத்து நின்றது. மைப் பேனாவாக இருந்தால் நீலக்கறைதான் மிஞ்சியிருக்கும்.

பக்க எண் எங்குமே கிடையாது, அத்தியாய எண் மட்டுந்தான். பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையான பிறகு எத்தனையோ பதிப்பகங்கள் அதைப் போட்டுவிட்டன. ஒன்றில் 100ஆம் பக்கத்தில் இருப்பது இன்னொன்றில் 130இல் இருக்கும். அத்தியாயம் மாறாது.

அதே நாவலுக்கு அவர் எழுதியிருக்கும் கணக்கு இது. மொத்தம் ஐந்து பாகம், 293 அத்தியாயம். நாளுக்கு இரண்டு என்றால் 147 நாள். மே 1இல் தொடங்கினால் செப்டம்பர் 24, புரட்டாசி பிறந்துவிடும். எனவே லீவுக்கு முதல் பாகமான 'புது வெள்ளம்' மட்டும்: 57 அத்தியாயம், 29 நாள். "ஒரே மூச்சில் படிக்காதீங்க. இது 1950லிருந்து 1954 வரை வாரா வாரம் வந்த தொடர். ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டு நிக்கும். பத்துக் கொக்கியை ஒரே நாளில் விழுங்கினா அலுத்துடும்." வருஷா வருஷம் முதல் பாகத்தின் நடுவில் நிற்பவர்களுக்கு இதைவிடச் சரியான வைத்தியம் கிடையாது.

மற்ற புத்தகங்களுக்கு அளவு பார்க்க அவர் தரும் வழி எளிது. புத்தகத்தின் நடுவிலிருந்து பத்துப் பக்கம் கடிகாரம் வைத்துப் படியுங்கள். முதல் பத்துப் பக்கம் கூடாது. புதுப் பெயர்கள் பழகும் வரை வேகம் குறைவாகத்தான் இருக்கும், கணக்குத் தப்பும். பத்துப் பக்கத்துக்கு 20 நிமிடம் என்றால், நாளுக்கு முக்கால் மணி நேரம் படித்தால் 22 பக்கம். மே மாதத்தின் 31 நாளில் கல்யாணம், கொடை, ஊர்ப் பயணம் என்று ஏழு நாளைக் கழித்துவிடுங்கள். மீதி 24 நாளுக்கு 528 பக்கம். அதற்கு மேல் அடுக்கி எடுத்துப்போகிறவர் ஜூனில் பாதியோடுதான் திரும்ப வருவார். இது எங்கள் நோட்டில் ஒருபோதும் இல்லாத கணக்கு. 'பத்துப் புத்தகம் படித்தால் பரிசு' என்று வைத்து, பிள்ளைகளை மெலிந்த புத்தகமாகத் தேட வைத்தவர்கள் நாங்கள். இந்த வருஷம் அது எடுத்தாயிற்று.

நேரத்துக்கும் ஒரு தாள் இருக்கிறது. கத்திரி நாளில் பகல் இரண்டு மணிக்கு நாவலைத் திறந்தால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் சொக்கும். நாவலைக் காலை ஆறு மணிக்கு வையுங்கள். பகலுக்கும் பஸ்ஸுக்கும் சிறுகதை, ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று. அதற்கு அவர் சொல்வது புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. 'சாப விமோசனம்' கூடவே வேண்டாமாம். அகலிகை கதையை யாரிடமாவது கேட்டுவிட்டு வந்து படிக்கச் சொல்கிறார்.

மே மாதத்துக்கென்றே எழுதியதுபோல அவர் முதலில் வைத்திருப்பது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சின்ன நாவல், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பூமணியின் 'வெக்கை'யில் அவர் எச்சரிப்பது 'அசுரன்' பார்த்துவிட்டு வருபவர்களை: "படத்தில் அப்பாவோட பழைய கதைக்கு இருக்கிற இடம் இதில் இல்லை. அதைத் தேடிப் புரட்டாதீங்க. பையன் பின்னாடியே போங்க." கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தில் கரிசல் பேச்சு தட்டினால் அகராதி எடுக்காமல் அந்தப் பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபட்டுவிடும். அதன் மூன்றாம் தாளில், 1991இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது 'கோபல்லபுரத்து மக்கள்' என்பதற்காக அதை முதலில் எடுத்துவிடாதீர்கள், அது இதற்குப் பின்னால் வருவது என்றிருக்கிறது. போன கோடையில் எங்கள் பரிந்துரை நேர்மாறாக இருந்தது. கேட்டு எடுத்துப்போனவர்கள் மன்னிக்கவும்.

அய்யாவோ அம்மாவோ, உங்களைத் தேடிப் பிடிக்கப் போவதில்லை. எடுப்புப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். வேண்டாமென்று முடிவு செய்தோம். பெயர் போட நினைத்திருந்தால் நீங்களே போட்டிருப்பீர்கள். தாள்களைக் காயவைத்து அந்தந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டோம். இனி புத்தகம் திரும்பி வந்தால் உதறிப் பார்க்க மாட்டோம், தாளோடுதான் அலமாரிக்குப் போகும். வாசலில் ஓர் அட்டைப்பெட்டியில் கிழித்த காலண்டர் தாளும் ஹெச்பி பென்சிலும் இருக்கும். மற்றவர்களும் எழுதலாம். புத்தகத்துக்கு மூன்று தாள்தான், கதை சொல்லக் கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுதல். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 122 அத்தியாயம். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முடியாமல் நின்றது என்று முதல் தாளில் எழுதியிருக்கிறீர்கள். முன்னோர் கதையில் களைத்துவிடாமல், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போய்ச் சேரும் வரை பொறுக்கவும் சொல்கிறீர்கள். ஆனால் இரண்டாம் தாளின் மூலை கிழிந்து தண்ணீரோடு போய்விட்டது. "இந்த அத்தியாயத்தை மட்டும் ராத்திரி படிக்காதீங்க, தூக்கம் வராது" என்ற வரி நன்றாகத் தெரிகிறது. எண் இருந்த இடம் இல்லை. தாளும் இருந்த இடத்திலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. புத்தகம் இப்போது ஜன்னலோர மேசையில் காய்கிறது. அந்தப் பக்கம் வரும்போது எண்ணை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

வாசகர் வட்டத்தினர்