குடம் மாறிய பாட்டு

தாராவி, மும்பை
12-4-2015, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். நாளை மறுநாள் சித்திரை பிறக்கிறது. அம்மா அதற்கான வேலைகளில் இருக்கிறாள், வீட்டுச் செய்திகளையெல்லாம் அவளே தொலைபேசியில் சொல்லிக்கொள்வாள். நான் எழுதுவது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். போன வாரம் பேசியபோது நியூயார்க் ராப் ஜோடியான கானிபல் ஆக்ஸின் புதிய ஆல்பம் 'பிளேட் ஆஃப் தி ரோனின்' வந்திருப்பதை நீ இன்னும் கேட்கவில்லை என்றும், கேட்டவர்கள் சொன்னதே போதும், நாமும் கேட்டு மனதைக் கெடுத்துக்கொள்வானேன் என்றும் சொன்னாய். தொலைபேசியில் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நம் மைக் செட் கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், சொல்ல வேண்டியது நிறைய இருப்பது தெரிந்தது.

நான் கேட்டுவிட்டேன், தம்பி. நான்கு முறை கேட்டேன். முதல் முறை தனியாக அல்ல. போன ஞாயிறு மாலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த பதினைந்து அங்குல ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டையும், அடிச்சத்தம் சுவரில் மோதிக் குழம்பாமல் இருக்க ஒரு முழம் முன்னே தள்ளி வைத்து, உன் பழைய கூட்டாளிகள் இரண்டு பேரையும், இப்போது என்னிடம் மைக் வாடகைக்கு எடுக்கும் ராப் பாடும் பையன்கள் நான்கு பேரையும் உட்கார வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை எங்கும் நிறுத்தாமல் போட்டுக் கேட்டோம். நிறுத்தாமல் என்று சொன்னேனே தவிர, மூன்றாவது பாட்டு முடிவதற்குள் வங்கியில் வேலை பார்க்கிறவன் கையைத் தூக்கிவிட்டான். எல்-பி இல்லாமல் இது கானிபல் ஆக்ஸே இல்லை, அப்பா, என்றான். உன் நண்பர்கள் அங்கே சொன்னதும் இதே வாக்கியமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2001 மே மாதம் வந்த கானிபல் ஆக்ஸின் 'தி கோல்ட் வெயின்' ஆல்பத்துக்கு இசை முழுவதையும் செய்தவர் எல்-பி. வெளியிட்டதும் அவருடைய டெஃப் ஜக்ஸ் நிறுவனந்தான். கப்பலில் வேலை பார்த்த உன் மாமா நியூயார்க்கில் வாங்கி வந்த அந்தச் சிடியை, பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நீ, கடை அடைத்த பிறகு அரைச் சத்தத்தில் போட்டுக் கேட்பாய். முதல் நாள் ஆம்ப்ளிபையர் கெட்டுவிட்டது என்று நினைத்து நான் ஓடி வந்து பின்பக்கத்து ஒயர்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தது உனக்கு நினைவிருக்கிறதா? இரும்புத் தகடு மேல் மழை பெய்வதுபோலவும், தூரத்தில் ஏதோ மோட்டார் தேய்ந்து ஓடுவதுபோலவும் ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து இரண்டு பேர் பேசுகிறார்கள். ஒயரில் கோளாறு இல்லை, இசையே அப்படித்தான் என்று நீ சொன்னபோது, காசு கொடுத்து இதை வாங்குகிறார்களா என்று கேட்டேன்.

பிறகுதான் நீ ஒவ்வொரு வரியாக நிறுத்தி எனக்குப் பொருள் சொன்னாய். நியூயார்க்கின் ஹார்லெம் எப்படிப்பட்ட இடம், பாடும் அந்த இரண்டு பேரில் வாஸ்ட் ஏர் யார், வோர்டுல் மெகா யார், அவர்கள் தங்களையும் தங்கள் தெருக்காரர்களையும் ஏன் புறா என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்றெல்லாம் விளக்கினாய். நம் வீட்டுக்கு எதிரே ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அடைந்து, விடியற்காலையில் தூங்கவிடாமல் குமுறிக்கொண்டிருக்கும் புறாக்களைத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். யாரும் விரும்பி வளர்க்காதது, துரத்தினாலும் ஊரை விட்டுப் போகாதது, கிடைத்ததைத் தின்று பிழைப்பது. ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும் என்றாலும் இது முழுவதும் புரிந்தது.

இப்போது வந்திருக்கும் 'பிளேட் ஆஃப் தி ரோனின்' பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறது. நடுவில் 2004-இல் இருவரும் தனித்தனியாக ஆல்பம் போட்டார்கள். 2010-இல் டெஃப் ஜக்ஸ் நிறுவனமே புதிய வெளியீடுகளை நிறுத்திக்கொண்டது. எல்-பி, கில்லர் மைக் என்ற ராப் பாடகருடன் சேர்ந்து 2013-இல் ரன் தி ஜுவல்ஸ் என்ற ஜோடியைத் தொடங்கி, போன அக்டோபரில் வந்த இரண்டாவது ஆல்பத்தில் பெரிய பெயர் வாங்கிவிட்டார். புதிய ஆல்பத்தில் பெரும்பாலான இசை பில் காஸ்மிக் என்பவருடையது. ஆக, பழைய ரசிகர்கள் இதைக் கேட்க உட்காரும்போது அவர்கள் காதில் ஏற்கெனவே எல்-பியின் இன்றைய சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. பந்தியில் பாயசம் சாப்பிட்டு முடித்தவனிடம் காபியில் சர்க்கரை போதுமா என்று கேட்டால் என்ன சொல்வான்?

உன் இன்னொரு கூட்டாளி, ஆட்டோ உதிரி பாகக் கடை வைத்திருப்பவன், அன்று வேறு மாதிரி பேசினான். வாஸ்ட் ஏரின் அந்த நிதானம், சொல்லைக் கடைவாயில் போட்டு மென்று எடுப்பதுபோல் சொல்லும் விதம், கொஞ்சமும் போகவில்லை என்றும், இத்தனை ஆண்டுக்குப் பிறகு இரண்டு குரலையும் ஒரே தட்டில் கேட்பதே தனக்குப் போதும் என்றும் சொன்னான். ஆனால் வெளியாட்கள் அதிகம் என்று குறைப்பட்டான். எம்எஃப் டூம் என்ற ராப் பாடகர் வரும் 'அயர்ன் ரோஸ்' பாட்டு ஓடும்போது பையன்கள் கூச்சல் போட்டதும், பார்த்தீர்களா, விருந்தாளிக்குத்தான் கைதட்டு, என்று என் காதருகே முணுமுணுத்தான். வூ-டாங் கிளான் ராப் குழுவின் யு-காட் கூட ஒரு பாட்டில் வருகிறார். டூம் பாட்டை அந்தப் பையன்கள் மூன்று முறை போடச் சொன்னார்கள்.

அந்தப் பையன்கள் பழைய ஆல்பத்தைக் கேட்டதே இல்லை. அவர்களுக்கு இது நன்றாக இருந்தது. மேளம் தெளிவாக விழுகிறது, தலையாட்ட வருகிறது, மேலே தாங்களும் தமிழில் பாடிப் பார்க்கலாம் என்றார்கள். ஒருவன் பாடியும் பார்த்தான், அவ்வளவு மோசமில்லை. அப்புறம் வங்கிக்காரன் விடாப்பிடியாகப் பழைய சிடியை எடுக்கச் சொல்லிப் போட வைத்தான். பையன்கள் மரியாதையாகப் பத்து நிமிடம் பேசாமல் இருந்தார்கள். பிறகு அவர்களில் சின்னவன், அண்ணாச்சி, தலை வலிக்கிறது, என்றான். வங்கிக்காரன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்க நான் ஏதோ பிளக்கைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

நாற்பது வருடமாக மைக் செட் போடுகிறவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பழைய ஆல்பத்தில் இசை குரலுக்கு வழி விடுவதில்லை. கூட்ட நேரத்து ரயிலில் இறங்க வேண்டியவனைப்போல அந்த இரண்டு பேரும் இடித்துக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். சொல் பாதி சத்தத்தில் மாட்டிக்கொள்கிறது, அதனாலேயே நாம் காதைத் தீட்டிக்கொள்கிறோம். புதியதில் இசை ஒதுங்கி நிற்கிறது, குரல் முன்னால் வந்து நிற்கிறது. அப்படி நிறுத்தினால் நல்ல வரி நன்றாகக் கேட்கும், சாதாரண வரியும் சாதாரணமாகவே கேட்கும். ரசிகர்கள் பலரும் எல்-பி இல்லாதது குறை என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் இல்லாததால் வெளிச்சத்துக்கு வந்தது எது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இதை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். 1971-இல் எனக்குப் பதினாறு வயது; நம் ஊரில் ரேடியோ செட்காரரிடம் எடுபிடியாக இருந்தேன். சுடலைமாடன் கொடைக்கு வருடா வருடம் ஒரே வில்லுப்பாட்டுக் குழுதான் வரும். அதில் குடம் அடிப்பவர் பெரிய கெட்டிக்காரர். குடத்தின் வாயில் பாளை மட்டையால் அவர் அறைந்தால் நெஞ்சுக்குள் விழும். கூலித் தகராறில் அவர் பிரிந்துபோய் வேறு அண்ணாவியோடு, அதாவது வேறு குழுவின் தலைமைப் பாடகரோடு, சேர்ந்துகொண்டார். அங்கே இன்னும் அதிகப் பெயர் வாங்கினார். அடுத்த வருடம் நம் அண்ணாவி வேறு குடக்காரரோடு வந்து உட்கார்ந்தபோது, வீசுகோல் வில்லின் நாணைத் தொடுவதற்கு முன்பே முன்வரிசைப் பெரியவர்கள் குடம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஆம்ப்ளிபையர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய குடக்காரர் இருந்தவரை மைக்கில் பாதியை அவர் குடமே தின்றுவிடும். அந்த ராத்திரிதான் கதை முழுவதும் எனக்கு முதன்முதலாகக் கேட்டது. மாடன் பிறந்த கதையில் அப்படி ஒரு அழுகை இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அதே ராத்திரியில்தான் அண்ணாவி இரண்டு இடத்தில் வரி மறந்து, முன்னால் பாடியதையே திருப்பிப் பாடி ஒப்பேற்றுவதையும் கண்டுபிடித்தேன். அவர் வருடா வருடம் அப்படித்தான் பாடியிருப்பார் போலிருக்கிறது, குடம் மூடி வைத்திருந்திருக்கிறது. காலையில் பெரியவர்கள் எல்லோரும் போன வருடம்போல் இல்லை என்றார்கள். நானும் ஆமாம் என்றுதான் சொன்னேன். எடுபிடிப் பையன் வேறு என்ன சொல்வது?

ஆகவே இந்த ஆல்பம் பழையதற்கு நிகர் என்று நான் வாதாட வரவில்லை. நிகர் இல்லை. நீளமும் அதிகம், நான் தொகுத்திருந்தால் பின்பாதியில் நான்கைந்து பாட்டுகளையாவது கழித்திருப்பேன். ஆனால் ஒன்று கவனித்தாயா? ரோனின் என்றால் எசமானனை இழந்த சாமுராய் என்று உதிரி பாகக் கடைக்காரன் எனக்கு விளக்கினான். தலைவன் இல்லை, ஊதியம் இல்லை, கையில் வாள் மட்டும் மிச்சம். இதை அவர்கள் அட்டையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! எல்-பியை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்களுக்கு எசமான் இல்லை என்று வாசலில் பலகை மாட்டியிருப்பவர்களிடம் போய் உங்கள் எசமான் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெயரைப் பார்த்த பிறகு நான் மூன்றாவது முறை கேட்டபோது, இசையில் எதைத் தேடக் கூடாது என்பதாவது எனக்குத் தெரிந்திருந்தது. அப்போதுதான் வோர்டுலின் குரலைச் சரியாகக் கேட்டேன். அவர் இன்னும் அதே அவசரத்தில், யாரோ கதவைச் சாத்துவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்பதுபோலத்தான் பாடுகிறார்.

எனக்கு வருத்தம் ஆல்பத்தைப் பற்றி அல்ல, உன்னைப் பற்றித்தான். பதினேழு வயதில், யாருக்கும் பிடிக்காத அந்தச் சத்தத்தை, கடையில் இருந்த அத்தனை பேரும் கேலி செய்தபோதும் விடாமல் கேட்டு, எனக்கும் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் நீ. இன்றைக்கு ஜெர்சி சிட்டியில் இருக்கிறாய். ஆற்றைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஹார்லெம். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, நாலு பேர் சொன்னதை வைத்து ஆல்பத்தைத் திறக்காமலேயே மூடிவிட்டாய். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல், நான் ஒத்துக்கொள்கிறேன். எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று எழுது, அதையும் போட்டுப் பார்க்கிறேன். போனில் செருகும் அந்தச் சின்ன காது மாட்டிகளில் மட்டும் கேட்காதே. அடிச்சத்தம் இல்லாமல் கேட்டுவிட்டு இசையில் கனமில்லை என்பாய்.

பையன்கள் வருகிற சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சின்னவன், தலை வலிக்கிறது என்றவன், நேற்று தனியாக வந்து பழையதில் அந்தப் புறாப் பாட்டை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னான். பொருள் கேட்டான். நீ எனக்குச் சொன்னதை நினைவில் இருந்தவரை சொன்னேன்; நடுவில் இரண்டு வரி விட்டுப்போயிற்று. அதை மட்டும் பதிலில் எழுதி அனுப்பு.

உன் அத்தை மகன் மே மாதம் அங்கே வருகிறான். அந்தப் பழைய சிடியைத் துணியில் சுற்றி அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆறாவது பாட்டில் ஒரு கீறல் இருக்கிறது. அங்கே நின்றுவிட்டால் பிளேயரைத் தட்டாதே, மூடியை ஒரு முறை திறந்து மூடு, ஓடிவிடும்.

அன்புடன்,
அப்பா